ஐந்து நிமிட அகதி

அகதி என்றால் யார் என்று எவராவது விளக்க ஆரம்பித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. நானும் ஒருநாள் ஐந்து நிமிடம் அகதியாக இருந்தவள்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் பலசரக்குக் கடை இலங்கை அகதிகள் முகாமுக்கு எதிரே இருந்தது. முகாமில் இருந்த என் தோழியும் நானும் ஒரே வகுப்பு, ஒரே உயரம், ஒரே மாதிரி இரட்டைச் சடை. மாதம் இரண்டு முறை அதிகாரி வந்து ஆள் கணக்கெடுப்பார். கூப்பிடும்போது இல்லாதவரின் பெயரை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் அரிசி, உதவித்தொகை எல்லாம் நின்றுபோகும். மறுபடி ஏற்றுவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். ஆடுமாடுகளைக்கூட யாரும் அப்படி எண்ணி நான் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாள் முன்னதாகவே ஜீப் வந்துவிட்டது. தோழியின் அப்பா தருவைகுளத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தார். வெளியூர் போக அவருக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. கடல் பார்க்கும் ஆசையில் அவரோடு ஒட்டிக்கொண்டு போன மகளுக்கு இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளை கடல் பார்க்க எந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்?

அவள் அம்மா மூச்சிரைக்க எங்கள் கடைக்கு ஓடி வந்தார். "அண்ணை, உங்கட பிள்ளையை ஒருக்கா விடுங்கோ. பேரை வெட்டினாங்கள் எண்டா பிறகு ஏத்த ஏலாது."

அப்பா தராசைக் கீழே வைத்தார். பிடிபட்டால் தன் கடைக்கும் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். "ஏளா, போயி நில்லு. பேரக் கூப்பிட்டா கையத் தூக்கு. வேற வாயத் தொறக்காத" என்றார்.

வரிசையில் நின்ற எனக்கு ஒரே கொண்டாட்டம். அவர்கள் குடும்ப அட்டையில் ஒட்டியிருந்த போட்டோவில் தோழி கைக்குழந்தை. அதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்கினேன். அதிகாரி தலை நிமிராமல், "எங்க பிறந்த?" என்றார்.

இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லித்தரவில்லை. பயத்தில் என் உண்மையே வாயில் வந்துவிட்டது. "தூத்துக்குடி பெரியாஸ்பத்திரி, சார்."

மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன். அவரோ பிறந்த இடம் தூத்துக்குடி என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் நாடு இலங்கை என்று எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் தோழி திரும்பியதும் விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னேன். "ஒங்க சார் சரியான மக்கு. பெரியாஸ்பத்திரின்னு சொல்லுதேன், இலங்கைன்னு எழுதுதாரு."

அவள் சிரிக்கவில்லை. "நானும் அங்கனதான் பொறந்தேன். எங்களுக்கு அப்படித்தான் எழுதுவாங்க."

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கொடுமைக்குப் பயந்து சொந்த நாட்டை விட்டு வந்தவர், திரும்பிப் போக முடியாதவர் அகதி என்கிறது உலக ஒப்பந்தம். அதில் நம் நாடு கையெழுத்தே போடவில்லை. நம் சட்டத்திலும் அகதி யார் என்று ஒரு வரி கிடையாது. வெளிநாட்டவர் என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்பா அம்மா இருவரும் வெளிநாட்டவர் என்றால் இங்கேயே பிறந்த பிள்ளையும் வெளிநாட்டவர்தான். என் தோழி எந்த நாட்டை விட்டு வந்தாள்? அவள் தாண்டிய ஒரே எல்லை எங்கள் கடைக்கும் முகாமுக்கும் நடுவே கிடந்த தார்ச்சாலைதான். எனக்குப் பாஸ்போர்ட் வந்து பல வருஷமாகிறது. அவளை இன்னும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறார்கள், இப்போது அவள் மகளையும். நினைத்தால் வயிறு எரிகிறது.

அன்றைக்கு நான் கோபப்பட்டது அவள்மேல்தான். "அடுத்த தடவ சார்ட்ட ஒழுங்கா எடுத்துச் சொல்லு, திருத்திருவாரு" என்று அதட்டினேன். அதிகாரி தப்பாக எழுதிவிட்டார் என்றுதான் நம்பியிருந்தேன். அவர் சட்டப்படி மிகச் சரியாக எழுதியிருந்தார்.