மூணாம் நம்பருக்கு இ-சிம்: கல்லுப்பட்டியிலிருந்து காளவாசல் வரை

என் மகளுக்கு மதுரை கே.கே. நகரில் வாத்தியார் வேலை கிடைத்ததும், எங்கள் கண்மாய் ஒரே மழைக்காலத்தில் இரண்டு முறை மறுகால் பாய்ந்ததும், டி. கல்லுப்பட்டி ரோட்டோரம் டெலிபோன் கேபிளுக்கு நாங்கள் பள்ளம் தோண்டியதும் ஒரே வருஷம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருஷத்தை இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன். இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

பள்ளம் தோண்டிய ஐந்து பேரும் அந்த வருஷம் ஒரே நாளில், ஒரே கடையில் சிம் கார்டு வாங்கினோம். எண்கள் வரிசையாக வந்தன. கடைசி இலக்கம் மட்டும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. அன்றோடு எங்கள் பெயர்கள் போயின. நான் மூணு. உசிலம்பட்டிப் பக்கம் ஆடு மேய்க்கிறவன் நாலு.

ஒண்ணு முதலில் இறந்தான். நான்கு நாள் அவன் போன் சுவிட்ச் ஆஃப் என்றே சொன்னது. ஐந்தாம் நாள்தான் எங்களுக்குச் சேதி வந்தது. ரெண்டும் அஞ்சும் போனதும் அப்படித்தான் தெரிந்தது. வெகுநாள் கழித்து ஒரு ஆசையில் ஒண்ணு நம்பரை அடித்தேன். யாரோ ஒரு பெண் எடுத்து, "யாருங்க வேணும்?" என்றாள். நம்பர் கைமாறிவிட்டது. ஆக எங்களிடையே சுவிட்ச் ஆஃப் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

போன மாதம் என் பட்டன் போன் மாட்டுத் தொட்டிக்குள் விழுந்து செத்தது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து நாலுக்கு அடித்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. பேங்க் பேரைச் சொல்லி ஒருவன் ஏமாற்றப் பார்த்ததிலிருந்து தெரியாத நம்பரை அவன் எடுப்பதில்லை. கார்டும் தண்ணீரில் கெட்டிருக்கும் என்று நினைத்துவிட்டேன். அதை வேறு போனில் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மகள் தன் பழைய டச் போனைக் கொடுத்தனுப்பினாள். அதில் கார்டு செருகும் இடம் உடைந்திருந்தது. "இ-சிம் போட்டுக்கலாம்ப்பா, கார்டே வேணாம்" என்றாள். அதற்குள் ஐந்து நாள் ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை 7.20 பஸ்ஸில் ஏறினேன். பெரியார் நிலையம் சுமார் நாற்பது கிலோமீட்டர்; முப்பத்தெட்டு ரூபாய்; திருமங்கலத்தில் கொஞ்சம் நின்றதால் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து காளவாசலுக்கு ஷேர் ஆட்டோ, பதினைந்து ரூபாய். போன் கம்பெனிக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கிறது. சீக்கிரம் போகிறவர்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொள்ளலாம், பருத்திப்பாலும் கிடைக்கிறது.

கவுண்டரில் இருந்த பெண் ஆதார் கேட்டாள். மிஷினில் பெருவிரலை வைத்தேன், ஏறவில்லை. மற்ற விரல்களும் ஏறவில்லை. வாழ்நாளெல்லாம் கைநாட்டு வைத்தவனுக்கு ரேகையே இல்லை என்றது மிஷின். கடப்பாரை தின்றுவிட்டது. கடைசியில் இடது மோதிர விரல் காப்பாற்றியது.

"தாத்தா, பழைய சிம்முலருந்து ஒரு மெசேஜ் அனுப்பி ஓகே பண்ணனும். அந்த போன் எங்க?"

"தொட்டித் தண்ணியக் குடிச்சிட்டுச் செத்துப்போச்சும்மா. கார்டு மட்டும் இருக்கு."

பின்னால் நின்ற ஒரு ஆட்டோக்காரர் தன் பட்டன் போனைக் கழற்றி நீட்டினார். "இதுல போடுங்கண்ணே. எனக்கு இப்ப யாரும் அடிக்க மாட்டாக, என் பொண்டாட்டியத் தவிர."

கார்டை உள்ளே தள்ளியதும் போன் விடாமல் கத்தியது. வந்த மிஸ்டு கால் மெசேஜையெல்லாம் அந்தப் பெண் பார்த்தாள். "ஒரே நம்பர்லருந்து பதினேழு தடவ அடிச்சிருக்காங்க தாத்தா."

"கடைசி நம்பர மட்டும் சொல்லும்மா."

"நாலு."

அங்கேயே அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. ஆட்டோடு போயிருப்பான், போன் வீட்டு ஆணியில் தொங்கும். இனி இ-சிம் ஏறும்வரை சிக்னல் இருக்காது, அரை மணியோ இரண்டு மணியோ ஆகலாம் என்றாள் அந்தப் பெண். அதற்குள் அவன் திருப்பி அடித்தால் மறுபடி சுவிட்ச் ஆஃப். வேண்டாம், ஒரு பட்டன் போனே வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். என் கதையைக் கேட்ட ஆட்டோக்காரர், "அஞ்சு நாளு பொறுத்த மனுசன் ரெண்டு மணி நேரம் பொறுக்க மாட்டாரா?" என்றார். சரி என்றேன். அந்தப் பெண் மெசேஜை அனுப்பினாள்.

திரையில் கறுப்புக் கட்டம் ஒன்று வந்தது. அதைத்தான் போனுக்குக் காட்ட வேண்டுமாம். "இத உங்களால படிக்க முடியாது தாத்தா, போனுதான் படிக்கும்" என்றாள். எனக்கு எல்லா எழுத்தும் அப்படித்தான் என்றேன். சிரித்துவிட்டாள்.

11.40க்குச் சிக்னல் போனது. 1.05க்கு வந்தது. 1.12க்கு மணி அடித்தது.

"மாப்ள! இருக்கியாடா?"

"இருக்கேன்டா."

"இம்புட்டு நாளா எங்கடா போன? உன் எழவுக்கு வர வேட்டிய வெளுத்துக் காயப்போட்டிருக்கேன்டா. மத்தியானம் வந்து பாத்தா உன் மிஸ்டு காலு. திருப்பி அடிச்சா சுவிட்ச் ஆஃப்ங்குறா. ரெண்டாந்தடவ செத்துட்டியோன்னு ஆயிப்போச்சு!"

"வெளுத்தது வீணாப் போகாது. ஞாயித்துக்கிழம அதையே கட்டிக்கிட்டு வா. கறி எடுக்குறேன்."

"வாரேன், வாரேன்" என்றான். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜலதோஷமாம்.

என் வயதுக்காரர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பதால் சொல்கிறேன். கார்டுக்குக் கை கால் உண்டு. போன் செத்தாலும் அடுத்தவர் போனில் ஏறிப் பேசும். அன்று என்னைக் காப்பாற்றியது அதுதான். இ-சிம் தொலையாது, தேயாது, திருடன் உருவிப் போட முடியாது. ஆனால் போன் உடைந்தால் மறுபடி கடைக்குப் போக வேண்டும். வீட்டில் இன்டர்நெட்டும் படித்த ஆளும் இருந்தால் இ-சிம் நல்லது. இல்லாதவர்கள் கார்டையே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் நம்பர் மாறாது. ஆதாரும் பழைய கார்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். மாற்றிய பிறகு ஒரு நாள் மெசேஜ் வராது, பேங்க் வேலையைத் தள்ளிப்போடுங்கள். திருப்பித் தரும் பழைய கார்டு இனி வேலை செய்யாது. நான் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அந்தப் பெண், "இப்ப அடிச்சாங்களே, இந்த நம்பர சேவ் பண்ணிரவா தாத்தா?" என்றாள். எனக்கு எல்லா நம்பரும் தலையில் இருக்கிறது. பெயர் போட்டாலும் படிக்கத் தெரியாது. வேண்டாம் என்று வாயெடுத்தேன். அப்புறம் அந்தப் பதினேழு தடவை நினைவுக்கு வந்தது. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால், இந்தப் போனை எடுக்கிறவர்கள் முதலில் அவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் சுவிட்ச் ஆஃபைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

"போடும்மா" என்றேன்.

"என்ன பேருன்னு போட? நாலுன்னா?"

இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் மறக்கவில்லை.

"சோலைமலை."