வெள்ளைப் புடவை வேஷம்

அறுபதுகளின் இந்திப் படங்களில் நான் செத்துப்போனவர்களின் பெண்டாட்டி. முப்பத்திரண்டு வயதில் எனக்கு வாய்த்த முதல் மகன் என்னைவிட எட்டு வயது மூத்தவன். தொப்பையை பெல்ட்டில் இறுக்கிக்கொண்டு "மா!" என்று அலறியபடி என் மடியில் விழுவான். முட்டி இன்றைக்கும் வலிக்கிறது. மாதுங்காவில் ஒரு சபா நாடகத்தில் என்னைப் பார்த்த யாரோ செம்பூர் ஸ்டூடியோவில் சொல்லிவிட, அப்படி ஆரம்பித்த பிழைப்பு. என் இந்தியில் பாலக்காடு ஒட்டிக்கொண்டிருந்ததால் நிறையப் பேசுகிற வேஷம் எதுவும் வரவில்லை. விதவை அழுதால் போதும்.

காலையிலேயே வெள்ளைப் புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால், ஹீரோ மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல்தான் வருவார். அதுவரை எழுந்து நடக்கவும் கூடாது, புடவை கசங்கிவிடும். பிள்ளையைக் கண்டதும் கண்ணீர் பொங்க வேண்டும் என்பார் டைரக்டர். இடுப்பு விட்டுப்போனவளுக்குக் கண்ணீருக்கா பஞ்சம்?

தாலியை மட்டும் கழற்ற மாட்டேன். ரவிக்கைக்குள் தள்ளி ஊக்கு குத்திக்கொள்வேன். ஒரு குளோசப்பில் சங்கிலி மினுங்கிவிட்டது என்று கேமராக்காரர் கத்திய பிறகு, ஷூட்டிங் நாட்களில் மஞ்சள் சரட்டுக்கு மாறினேன். அது என் மாமியாரின் யோசனை.

மாமியார் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அவருக்கு ஒரே பிள்ளை, என் கணவர், ஃபோர்ட் பகுதியில் ஓர் ஆபீசில் கிளார்க். நான் நடிப்பதை மாமியார் தடுக்கவில்லை. ஆனால் அந்த வேஷத்தைப் போட்டுவிட்டு வந்து, சாமி குங்குமம் இல்லாமல் பிள்ளையின் கண்ணில் நான் பட்டால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினார். ஸ்டூடியோவில் வைத்துக்கொண்டு வரும் பொட்டு செல்லாது. நிலைப்படிக்கு உள்ளே குங்குமச் சிமிழைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். தன் கையால் எடுத்துத் தரமாட்டார். தன் கை பட்டால் அதுவும் தோஷமாம்.

"மொதல்ல இட்டுக்கோ. அப்பறம் உள்ள வா. அவன் ஆத்துலதான் இருக்கான்."

"அம்மா, நான் கண்ணை இறுக்க மூடிண்டாச்சு. அவளை உள்ள விடேன், பாவம்" என்று உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுப்பார். நான் சிரித்துவிடுவேன். மாமியார் சிரித்ததில்லை.

ஒரு நாள் ஆபீஸ் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என் கணவர், எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஷூட்டிங்கே கிடையாது. வீட்டில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "வேஷம் வேஷம்னு வெள்ளையைச் சுத்திண்டு நின்னா. பலிச்சுடுத்து பாத்தேளா" என்று என் காதுபடவே பேசினார்கள். மாமியார் என் பக்கம் பார்க்கவே இல்லை. வாய்விட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சில மாதங்கள் கழித்து செம்பூரிலிருந்து ஆள் அனுப்பினார்கள். வீட்டில் இரண்டு வயிறு இருக்கிறதே, போனேன். கலர் படம். இந்தத் தடவை கதையில் என் புருஷன் உயிரோடு இருந்தான்! பட்டுப்புடவை, கை நிறையக் கண்ணாடி வளையல், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். விதியைத் திட்டக்கூடத் தெம்பில்லை. மேக்கப்காரர் பொட்டு வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

மாமியாரிடம் "அம்மா வேஷம்தான்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். விதவை வேஷம் பிள்ளையை விழுங்கிவிட்டது என்று அவர் மனதில் இருந்தால், பிள்ளை போன பிறகு நான் குங்குமத்தோடு வந்து நிற்பதை எப்படித் தாங்குவார்? அவருக்கு என்னை விட்டால் யார், எனக்கு அவரை விட்டால் யார்? இந்த ஒரு துணையும் போய்விடுமோ என்று பயந்து செத்தேன். தினமும் தேங்காயெண்ணெய் தடவி, நெற்றி எரிய எரியத் துடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

ஒரு மழை நாள். ஒரே ஷாட்டைத் திருப்பித் திருப்பி எடுத்து, சாயங்காலம் "ஹோ கயா மாஜி, ஆப் ஜாயியே" என்று ஒருவழியாக வீட்டுக்குப் போகவிட்டார்கள். புடவையை மாற்றினேன், வளையலைக் கழற்றினேன், பஸ்ஸில் நின்றபடியே தூங்கினேன். மாதுங்கா மார்க்கெட்டில் தாராவியிலிருந்து வந்து பூ விற்கும் பெண், என் கணவர் போனதிலிருந்து என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பவள், அன்றைக்குச் சரத்தை நீட்டினாள். "மல்லி கொண்டுட்டுப் போங்கம்மா. நல்ல அரும்பு, மொழம் கூடவே போட்டுத் தாரேன்." பாவம், ஆள் அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மாமியார் கதவைத் திறந்தார். அவர் பார்வை என் நெற்றியில் வந்து நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய் முந்தானையை நெற்றிக்குக் கொண்டுபோனேன்.

"இரு" என்றார். "கண்ணாடி போட்டுண்டு வரேன்."

வாசலிலேயே நின்றேன். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது, அவ்வளவு அலுப்பு. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, என் முகவாயைப் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

"நீ இப்படி இருந்தாத்தான் அவனுக்குப் பிடிக்கும்" என்றார். பிறகு, "கையக் காலை அலம்பிண்டு வா. சாதம் ஆறிப்போறது."

கை காலை அலம்பிக்கொண்டேன். முகத்தைச் சாப்பிட்ட பிறகுதான் கழுவினேன்.