பட்டறை கற்ற கொரிய மொழி

கொரிய மொழி டீச்சருக்கு வார்த்தைப் பைத்தியம் என்று அவர் கணவரே சொல்வார். குக்கர் முதல் செருப்பு ஸ்டாண்டு வரை வீட்டில் கொரியச் சீட்டு ஒட்டாத பொருள் கிடையாது. கொஞ்சம் அசந்தால் தன் நெற்றியிலும் ஒட்டிவிடுவாள் என்று மனுஷருக்குப் பயம்.

அப்பேர்ப்பட்டவரையே ஒரு மாணவர் திணறடித்தார். வெல்டர், முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். கொரியத் தொழிற்சாலை வேலைக்கான மொழித் தேர்வில் ஒரு முறை கோட்டை விட்டாயிற்று. இன்னொரு முறை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

"புத்தகத்துல பட்டாம்பூச்சி இருக்கு, ஒட்டகச்சிவிங்கி இருக்கு. என் வேலைக்கு ஒரு வார்த்தை இல்லையே டீச்சர்? பாஸ் பண்ணிப் போனாலும் அங்க திருதிருன்னு முழிச்சுக்கிட்டுதானே நிப்பேன்?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. கையுறைக்கும் கிரைண்டருக்கும் அவருக்கே வார்த்தை தெரியவில்லை. பதினோரு வருஷமாக என்னத்தைக் கிழித்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அகராதியும் சீட்டுகளுமாக வெல்டர் வேலை பார்க்கும் பட்டறைக்கே போய்விட்டார்.

ஒட்டிய சீட்டெல்லாம் மாலைக்குள் தீப்பொறி பட்டுக் கருகின. தப்பிய ஒன்று, செய்துமுடித்த இரும்புக் கேட்டோடு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அது ஏதும் மந்திரமா என்று அவர் போன் போட்டுக் கேட்டார்.

பட்டறை முதலாளி வாயைத் திறந்தாலே வசவுதான். "காகிதமெல்லாம் இங்க வேலைக்கு ஆகாது டீச்சர். என்ன கத்தணும்னு சொல்லுங்க, கத்துறது என் பொறுப்பு" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, கத்தினார். தினமும் நாலு புது வார்த்தை. இரும்புத் தூண் தூக்கும்போதெல்லாம் "பிக்யோ!" என்று ஒரே அதட்டல், விலகு என்று அர்த்தம். ஒரே மாதத்தில் டீ கொண்டுவருபவர்கூடத் துள்ளி விலகினார். வெல்டர் தேறினார், விமானமும் ஏறினார்.

மூன்றாம் வாரம் டீச்சருக்கு போன் வந்தது.

"டீச்சர், கிரேன்ல போன இரும்புச் சட்டம் சங்கிலி அறுந்து விழுந்துடுச்சு. பின்னாடி ஒருத்தர் 'பிக்யோ'ன்னு கத்துனாரு. நான் யோசிக்கவே இல்ல, நம்ம முதலாளிதான் கத்துறாருன்னு குதிச்சுட்டேன். நான் நின்ன இடத்துல தரையே பிளந்து கெடக்கு. நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்."

டீச்சர் போனை வைத்துவிட்டு நேரே பட்டறைக்கு நடந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலாளி கிரைண்டரை நிறுத்தினார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றார் டீச்சர்.

"எனக்கு எதுக்கு? அங்க கத்துன மகராசனுக்குல்ல சொல்லணும்! அதுக்கு என்ன வார்த்தை?"

டீச்சர் சொல்லிக்கொடுத்தார். முதலாளி வெல்டருக்கு போன் போட்டார். "டேய், அந்த ஆள் பக்கத்துல இருக்காரா? குடுடா போனை!"

அதுவரை எந்த மொழியிலும் நன்றி சொல்லி யாரும் கேட்டிராத அந்த மனுஷர், தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "காம்சா ஹம்னிதா!" என்று கத்தினார்.