முந்திக்கொள்ளும் டும்

குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவருக்கு ‘டும்’ என்று பெயர் விழுந்துவிட்டது. பகலில் வாஷிங் மிஷின் பழுது பார்ப்பார். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் விழும் இடைவெளியை அவரால் சும்மா விட முடியாது. வரப்போகும் வரியை முந்திக்கொண்டு வாசித்துவிடுவார். அடுத்து ‘படியிறங்கி வந்தாள்’ என்றால் நான்கு ஸ்வரம் கீழே இறங்கும். கடைசிப் படியில் அவளுக்குக் கால் இடறும். ‘கதவைத் தட்டினேன்’ என்றால் கிட்டாரின் மரத்தையே தட்டுவார். ஒருமுறை முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தார்.

கீபோர்டு வாசிக்கும் தலைவருக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை மேடையேறுமுன் சொன்னார்: “பாடறதுக்குள்ள கதையைச் சொல்லிடறீங்க. இன்னைக்கு ஒரு சேட்டை பண்ணினாலும், நாளையிலேருந்து என் இடது கையே பேஸ் வாசிச்சுக்கும்.”

பக்கத்தில் நின்ற டும்மின் மனைவி ஆச்சரியப்படவில்லை. “வீட்லயும் இதே கதைதான். நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வந்துடும்.”

டும் வாயை மூடிக்கொள்வதுபோல் விரலை மூடிக்கொண்டார். ‘டும், டும்’ மட்டும். பல்லவி தாண்டியது. சரணத்தில் பாடகன் வாயைத் திறந்தான், “லாலா” வந்தது. மறுபடியும் லாலா. அவன் டும்முக்கு மைத்துனன். நகர்ந்து வந்து கிசுகிசுத்தான்.

“மாமா, அடுத்தது என்ன?”

“முந்தி வாசிக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“ஐயோ, எனக்குப் பல்லவியைத் தாண்டி மனப்பாடம் இல்ல மாமா! மூணு வருஷமா நீங்க வாசிக்கறதைக் கேட்டுத்தான் பாடறேன்.”

நான்காவது லாலாவில் தலைவர் பல்லைக் கடித்தார். “வாசிச்சுத் தொலைங்க!”

நான்கு ஸ்வரம் இறங்கியது. அவள் வந்தாள், இடறினாள். கதவு தட்டப்பட்டது. பாட்டு பிழைத்தது.

கடைசி வரி தலைவர் அந்த வாரம்தான் எழுதிச் சேர்த்தது: ‘பேச ஒன்றுமில்லை.’ அதற்கு டும் யோசித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று. தந்தியிலிருந்து கையை எடுத்தார். பாடகன் அவரைப் பார்த்தான். அவர் பாடகனைப் பார்த்தார். ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு கைதட்டல்; நிற்கவேயில்லை.

ஒயரைச் சுருட்டிக்கொண்டே தலைவர் டும்மின் பக்கத்தில் வந்தார். “அந்த முடிவு நல்லாத்தான் இருந்தது. அடுத்த வாரமும் நீங்க...”

“வரேன்” என்றார் டும்.