மகேஸைக் கோர்ஃபக்கானுக்கு அழைத்துச் சென்றது

ஷார்ஜாவில் இலையுதிர்காலம் குளியலறைக் குழாய் வழியாக வருகிறது. கோடையில் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் கொதித்து நீர் சூடாக இறங்குவதால், நீலக் குறியிட்ட குழாயைத் திறந்தால் கை பொசுங்கும். ஆகவே ஹீட்டரை அணைத்துவிட்டு, அதனுள் ஆறிக் கிடக்கும் நீரைச் சிவப்புக் குழாயில் பிடித்துக் குளிப்பது இங்குள்ள வீடுகளின் வழக்கம். மாதக்கணக்கில் சிவப்பு குளிர்ந்தும் நீலம் கொதித்தும் உலகம் தலைகீழாக இருக்கும். பிறகு நவம்பர்த் தொடக்கத்தில் ஏதோ ஒரு காலையில் நீலக் குழாய் தன் இயல்புக்குத் திரும்பியிருக்கும். என் மனைவி மகேஸ்வரி அதைக் குளியலறைக்குள்ளிருந்தே அறிவிப்பாள்: "இஞ்சருங்கோ, பச்சைத் தண்ணி பச்சைத் தண்ணியாய் வருது!" உடனே ஏசியை நிறுத்துவோம், அடைத்துக் கிடந்த சன்னல்களைத் திறப்போம், தேநீரைப் பால்கனிக்கு எடுத்துச் செல்வோம். இந்த ஆண்டு அந்தக் காலையை நான் தனியாகக் கண்டுகொண்டேன். அறிவிக்கவேண்டிய ஆள் வீட்டில் எவரும் இல்லை.

இலையுதிர்காலம் என்ற சொல்லை நாங்கள் இருவரும் பாடப்புத்தகத்தில்தான் கற்றோம். யாழ்ப்பாணத்தில் அம்மாதங்கள் மழைக்குரியவை. பனை எந்தப் பருவத்துக்காகவும் நிறம் மாறுவதில்லை. ஷார்ஜாவின் பேரீச்சையும் அவ்வாறே. ஆயினும் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் விட்டுச்சென்ற பழைய சஞ்சிகைகளில் மகேஸ் சிவந்த மேப்பிள் இலைகளைக் கண்டாள். அதன்பின் ஒவ்வொரு நவம்பரிலும் மசாஃபி மலைச்சாலையின் சந்தையில் மண்பானைகள் வாங்கிவந்து, தான் ஒருபோதும் தொட்டறியாத அவ்விலைகளை அவற்றில் வரைந்தாள். மன்னார்குடிக்காரரான முருகேசன் என் அலுவலகத்தில் ஃபோர்மன். அவருடைய மனைவி வள்ளி அருகிலிருந்து வண்ணம் கலக்கிக் கொடுப்பார்.

"ஏன்க்கா, நம்மூரு வேப்பிலைய வரையக் கூடாதா?"

"வேப்பிலை கீறினால் வீட்டிலை அம்மாள் வருத்தமெண்டு ஒருத்தரும் வரமாட்டினம்."

"அம்மாள் வருத்தமா? அப்படின்னா?"

"உங்கட அம்மை."

"உங்க தமிழுக்கு ஒரு கோனார் நோட்ஸ் போடணுங்க்கா" என்பார் வள்ளி. இருவரும் சிரிப்பார்கள். நான் உள்ளறையில் வரைபடங்களை விரித்தபடி, சத்தத்தைக் குறைக்கச் சொல்வேன்.

ஜூனில் மகேஸ் இறந்தாள். மூளையில் இரத்தக்கசிவு, காலையில் விழுந்தவள் மாலைக்குள் முடிந்துபோனாள். தகனம் இங்கேயே நடந்தது. சாம்பலை அவள் வரைந்தவற்றில் மிகப்பெரிய பானையில் இட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டினேன். வீட்டுக்குள் வைக்கலாகாது என்பது வழக்கம். மரத்தில் கட்டித் தொங்கவிட எனக்கு மரம் இல்லை. பால்கனியில் வைத்தேன். கோடை முழுவதும் அது அங்கேயே இருந்தது.

அவளுடைய தாய் தந்தையரின் சாம்பல் கரைந்தது யாழ்ப்பாணத்தின் கீரிமலைக் கடலில். ஆகஸ்டில் யுத்தம் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணப் பாதை மூடப்பட்டது. கொழும்புவரை போகலாம். ஆனால் எண்பத்துமூன்றுக் கலவரத்தின் பின் அகதிகளாக நாங்கள் கப்பலேறியது அந்தக் கொழும்புக் கரையில்தான். "என்னை எங்கையெண்டாலும் கரையுங்கோ, அந்தக் கடலிலை மட்டும் வேண்டாம்" என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள், இப்போது அது கட்டளையாகிவிட்டது. எங்கள் ஒரே மகன் இளங்கோ டொரோண்டோவில் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் இருக்கிறான். வெளியேறினால் திரும்ப முடியாது. தாயின் தகனத்துக்கும் வர முடியவில்லை. நானும் அங்கு செல்ல இருமுறை விசா கேட்டு மறுக்கப்பட்டேன். ஆண்டு முடிவில் என் வேலை முடிகிறது. வேலையோடு இங்குள்ள விசாவும் முடிகிறது. அடுத்து எந்த ஊரில் இருப்பேன் என்று அறியாதவன் பானையை எந்த ஊருக்குக் கொண்டுசெல்வான்?

ஒருநாள் மாலை முருகேசன் வந்து, பால்கனிப் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மலையைத் தாண்டி, கோர்ஃபக்கான் கடற்கரைல கரைச்சிரலாம். இந்தப் பக்கம் இருக்கிறது அடைச்ச தண்ணி. அந்தப் பக்கம் தொறந்த கடல். நேரா நம்மூருக்குப் போயிரும்."

"எந்த நம்மூருக்கு, முருகேசன்?"

"ரெண்டுக்கும்தான் சார்."

நீரோட்டங்களைக் குறித்து நான் படித்தவை அவ்வாறு கூறவில்லை. மறுத்துப் பேசவும் என்னிடம் வேறு கடல் இல்லை.

மகேஸ் இருந்தவரை வார விடுமுறை வெள்ளியில் தொடங்கி வெள்ளியிலேயே தீர்ந்துவிடும். இந்த ஆண்டுதான் அது வெள்ளியும் சனியுமாக மாறியிருக்கிறது. இனி ஓர் இரவு மலையடிவாரத்தில் தங்கிவரலாம் என்று அலுவலகமே மகிழ்கிறது. வெள்ளித் தொழுகை முடிந்த பின் நாங்கள் புறப்பட்டோம். பானை என் மடியில் இருந்தது. பின்னிருக்கையில் வள்ளி ஒரு தூக்குப்பாத்திரத்தைத் துப்பட்டாவால் மறைக்கப் பார்த்தார். "பழக்கத்துல புளிசாதம் கட்டிட்டேன் சார்" என்று அழுதார். மசாஃபியில் முருகேசன் கராக் தேநீர் வாங்க இறங்கினார். மகேஸ் கால்மணி நேரம் பேரம் பேசி, வியாபாரி "கலாஸ், பெஹன், கலாஸ்" என்று, போதும் சகோதரி எனக் கைகூப்பும்வரை விடாத பானைக்கடை எதிரே இருந்தது. நான் இறங்கவில்லை. மலைகளுக்கிடையே செல்லும்போது கண்ணாடியை இறக்கினேன். காற்று குளிர்ந்திருந்தது, ஏலக்காய் மணக்கும் தேநீர் கையில் சூடாக இருந்தது. அந்தக் கணம் இனிமையாக இருந்தது என்பதை எழுதக் கூசுகிறது, ஆயினும் இருந்தது.

கரையில் வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த முதியவர் ஒருவர் தூண்டில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். துணி கட்டிய பானையைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"அசல்? கித்னா, பாய்?" தேன் என்ன விலை என்கிறார்; மலைத்தேன் விற்க வந்தவன் என்று என்னைக் கருதிவிட்டார்.

"மாஃபி அசல், பாபா" என்று, தேன் இல்லையெனக் கைவிரித்தார் முருகேசன்.

"பின் என்ன?" என்பதுபோல் முதியவர் என்னை நோக்கினார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், "மேரி பீவி", என் மனைவி, என்றேன். அவர் குனிந்து, சிவந்த இலைகளின்மேல் விரலோட்டினார். "மாஷா அல்லாஹ். பஹுத் அச்சா பனாயா." மிக நன்றாகச் செய்திருக்கிறாள் என்கிறார்; என் மனைவியின் கைவேலை என்று புரிந்துகொண்டிருந்தார். அதுவும் உண்மையாதலால் நான் திருத்தவில்லை.

கரைக்கவேண்டியவன் மகன். தொலைபேசியில் அவன் குரல் கேட்க, அவனுக்காக நான் செய்வதென்று பேசியிருந்தோம். முருகேசன் விடாமல் அழைத்தார், இணைப்புக் கிடைக்கவில்லை. கோர்ஃபக்கானில் சூரியன் கடலில் இறங்குவதில்லை. முதுகுப்புறத்து மலைகளின் பின்னால் சீக்கிரமே ஒளிந்துவிடும். அது மறையுமுன் முடித்தாகவேண்டும். மார்பளவு நீருக்குச் சென்று துணியை அவிழ்த்துப் பானையைச் சரித்தேன். அரிசி களைந்த நீர்போல் என்னைச் சுற்றிக் கடல் வெளுத்தது.

"சார்! தம்பி லைன்ல!" முருகேசன் முழுக்காற்சட்டையோடு நீரில் ஓடிவந்தார். உயர்த்திய கையில் தொலைபேசி. ஸ்பீக்கரில் என் மகனின் குரல் அலைகளுக்கிடையே அறுந்து அறுந்து வந்தது.

"அப்பா, கரைச்சிட்டீங்களோ?"

"கரைச்சுக்கொண்டு நிக்கிறன், தம்பி."

"கொஞ்சம் வையுங்கோ அப்பா. ப்ளீஸ். எனக்கெண்டு கொஞ்சம். நான் அம்மாவுக்கு ஒண்டுமே செய்யேல்லை."

பானைக்குள் கையை நுழைத்தேன். அடியில் ஈரமாய் ஒட்டிக்கிடந்ததை விரல்களால் வழித்துப் பொத்திக்கொண்டேன். அதற்குள் ஓர் அலை பானையை இடக்கையிலிருந்து பிடுங்கிச் சென்றது. அதைத் துரத்த எனக்கு ஒரு கை போதவில்லை.

"வச்சிருக்கிறன்" என்றேன். அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது. இணைப்பு அறுந்துவிட்டது.

"முங்குங்க சார்" என்றார் முருகேசன். "மூணு முழுக்கு. அப்புறம் திரும்பிப் பார்க்காம வந்துருங்க."

முழுகினால் கைக்குள் இருப்பதும் கரைந்துபோகும். முழுகாவிட்டால் அவளுக்குச் செய்தது நிறைவேறாது. எவ்வளவு படித்திருந்தும் இதற்கு வேறு வழி எனக்குப் புலப்படவில்லை. வலக்கையை மூடியபடியே தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு கண்களை மூடி அமிழ்ந்தேன். உடல் முழுவதும் அந்தக் கடலுக்குள் சென்றது. மகனுக்குரிய கை மட்டும் வெளியே நின்றது. எழுந்து மூச்செடுத்து மறுபடி அமிழ்ந்தேன். கரையில் பந்தாடிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கையைக் கண்டு, ஒருவர் மூழ்குகிறார் என்று கூவத் தொடங்கியது நீருக்கடியிலும் கேட்டது.

இன்னும் ஒரு முழுக்கு மீதமிருந்தது.