ரவை உருண்டை

உப்புமா ரவையில் தண்ணீர் கொட்டிவிட்டது. அந்த ஈர வாசனையில் எழுபதுகளின் போடி திருவிழா மேடைக்கே போய்விட்டேன்.

அம்மா தனியாக மிருதங்கம் வாசிப்பாள். வாசிக்குமுன், நாதம் கனக்க, நான் கிண்ணத்தில் பிசைந்து தரும் ரவையை இடப்பக்கத் தோலில் அப்புவாள். முடிந்ததும் சுரண்டி எடுப்பாள்.

அன்று பாதியிலேயே முன்வரிசைக்காரர் ஒருவர், "பாடுறவுக எங்க? பொம்பள கொட்டுறதக் கேக்கவா வந்தோம்?" என்று எழுந்தார். அந்த வரிசையே எழுந்தது.

கமிட்டிக்காரர் மைக்கை அணைத்தார். "போதும், எந்திரிங்கம்மா."

அம்மா ரவையைச் சுரண்டவில்லை. என் கிண்ணத்தில் மிச்சமிருந்ததையும் எடுத்து அப்பினாள். "போறவுக போகட்டும். இருக்கவுக கேப்பாக."

மைக் இல்லாமல் வாசித்தாள். பின்னால் தரையில் இருந்த, ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் எழுந்து வந்து, காலியான முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

உப்புமா கிடக்கட்டும். ரவையைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அம்மாவின் மிருதங்கத்தின் முன் உட்கார்ந்தேன்.