பீரோவுக்கு ஆடி கிடையாது

என் அப்பா எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அபாண்டம். நன்றாக ஓட்டுவார். ஓட்டுவதற்கு முன் கையைச் சுத்தமாக நக்கிவிடுவார், அவ்வளவுதான். ரயில்வேயில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. ரயில்வேக்கு அவர் எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுத்தாரோ தெரியாது, வீட்டில் பிடித்ததற்கு நான் சாட்சி.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் குடியிருந்தோம். குழாய் பொது, கொல்லை பொது, எங்கள் வீட்டுச் சண்டையும் பொது. நான் ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டு ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் விண்ணப்பம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். தபால்தலைக்குக் காசு கேட்கும்போதெல்லாம் அப்பா, "எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஸ்கூலுக்கு எழுதக்கூடாதா?" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் தில்லை நகரில் ஒரு தனி வீடு வாடகைக்கு வந்தது. தில்லை நகர் என்றால் இப்போது இருக்கிற ஆஸ்பத்திரியும் ஓட்டலும் கிடையாது. நாலு வீடு, நடுவில் வயல், ராத்திரியானால் தவளைக் கச்சேரி. ஆனாலும் சொந்தக் கிணறு, சொந்தக் கொல்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அம்மாவுக்கு அந்தப் பின்கட்டுக்கு வந்ததிலிருந்து பத்தொன்பது வருஷத்து ஏக்கம். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தது ஆடி பிறந்த மறுநாள். "ஆடி மாச வாடகை வேண்டாங்க, ஆவணியிலேர்ந்து குடுங்க போதும்" என்றார். அப்பா அன்றே போய்விடலாம் என்றார். அம்மா, "என் பொணம்கூட ஆடியில அந்த வாசப்படி தாண்டாது" என்றாள்.

அம்மா வெறும் சாஸ்திரத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஏதோ அவசரத்தில் ஓர் ஆடியில் வீடு மாறினார்களாம். மூன்றாம் வாரம் குழந்தைக்கு ஜுரம் கண்டது, ஆடி முடிவதற்குள் போய்விட்டது. இதை அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஆடியில் ஒரு புதுத் துடைப்பம்கூட வாங்கமாட்டாள். அப்பாவும் அந்த விஷயத்தில் அவளோடு வாதாடமாட்டார்.

வாதாடமாட்டாரே தவிர சும்மா இருப்பாரா? ஆவணி பிறந்தால் ஊரே வீடு மாறும், கல்யாணம் வேறு, லாரிக்காரர்கள் நாற்பது ரூபாய் கேட்பார்கள். ஆடியில் கேட்பாரில்லை, லாரிகள் மரத்தடியில் தூங்கும். அப்பா இரண்டு நாள் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது.

"மனுஷன் குடி போகக்கூடாதுன்னுதான் இதுல போட்டிருக்கு. பீரோ குடி போகக்கூடாதுன்னு எங்க போட்டிருக்கு? காட்டு பாப்போம்."

அம்மா காட்டவில்லை. அப்படியாக எங்கள் சாமான்கள் ஆடியிலும், நாங்கள் ஆவணியிலும் குடி போவது என்று முடிவாயிற்று. ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு ஆடி முழுக்க வாடகை கொடுத்தாகிவிட்டதே, அதை விட்டுவிட்டுப் போக அப்பா என்ன ஜமீன்தாரா?

ஆடி லாரியிலும் அவருக்குத் திருப்தி இல்லை. சாயந்திரங்களில் காந்தி மார்க்கெட்டில் போய் நின்று, லால்குடிப் பக்கம் புண்ணாக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற ஒரு லாரியைப் பிடித்தார். திரும்பி வரும்போது வண்டி காலி. வழியில்தானே ஸ்ரீரங்கம் இருக்கிறது! பன்னிரண்டு ரூபாய்க்குப் படிந்தது. படிந்த சந்தோஷத்தில் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தாரா என்றால், டிரைவர் வாங்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்தார்.

லாரி வந்தது. டிரைவர் இறங்கி, வாசல்வரை அடுக்கியிருந்ததைப் பார்த்தார்.

"ஐயா, நாலு தட்டுமுட்டுச் சாமான்னு சொன்னீங்க. இது ஒரு ஊருங்க."

"எல்லாம் வெயிட் இல்லாதது தம்பி, பாத்தாதான் பெரிசா தெரியும்" என்றார் அப்பா, ஆட்டுக்கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டு.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் அம்மி பறக்கவில்லை, புண்ணாக்கு லாரியில் போயிற்று. ஆட்டுக்கல், உரல், கட்டில் இரண்டு, டிரங்குப் பெட்டிகள், பாதி எரிந்த விறகு உட்பட விறகு முழுவதும். ஒரே நடையில் எல்லாம் போய்விட வேண்டும், இரண்டாம் நடை என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசியாக ஏறியது அம்மாவின் கல்யாணத்துத் தேக்கு பீரோ. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் பயிற்சிச் சான்றிதழும் அதற்குள் இருந்தன.

"அப்பா, அதை மட்டும் எடுத்துக்கறேனே, எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது."

"ஒன்றரை வருஷமாக் கூப்பிடாதவன் இந்த ஆடியிலயா கூப்பிடப் போறான்? பூட்டின பீரோவைவிட எது பத்திரம்? பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். இன்றைக்கும் அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

லாரித் தட்டில் விரற்கடை உயரத்துக்குப் புண்ணாக்குத் தூள். சித்திரை வீதி மாடுகள் சும்மா விடுமா? நாலைந்து மாடுகள் தெற்கு வாசல்வரை பின்னாலேயே வந்தன. ஊரைவிட்டுப் போகிற எங்கள் சாமான்களை வழியனுப்பியது அவைதான்.

தில்லை நகரில் இறக்கினார்கள். இறக்குக்கூலி தனி என்றார் டிரைவர். பேச்சில் அது இல்லையே என்றார் அப்பா. கால் மணி நேரம் தர்க்கம். கடைசியில், "சரிங்க, வாசல் ரூம்ல இறக்கி வச்சிட்டுப் போறோம், அடுக்கறதெல்லாம் உங்க பாடு" என்று டிரைவரும் கிளீனரும் இறக்கிவைத்தார்கள். கடைசியாக ஏறிய பீரோ முதலில் இறங்கி, உள்சுவரோடு ஒட்டிப் போய் நின்றது. கதவுக் கண்ணாடி உடையாமல் இருக்க அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னது அப்பாவின் சொந்த யோசனை. அதற்கு முன்னால் ஆட்டுக்கல், உரல், கட்டில், டிரங்கு, விறகு என்று கூரைவரைக்கும் அடைத்துவிட்டுப் போனார்கள். கதவைப் பூட்டி, சாவியை அப்பா முத்தமிடாத குறைதான்.

இனி ஸ்ரீரங்கத்தில் எங்கள் கதை. மூன்று பாய், ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், வெறும் சுவர். பேசினால் எதிரொலி கேட்டது. சட்னி அரைக்க முன்கட்டுக்காரர்களின் அம்மியைக் கடன் கேட்க வேண்டும். "உங்க அம்மி எங்கங்க?" என்று அந்த அம்மா கேட்பாள். "முன்னாடியே போயிருக்கு" என்று அம்மா சொல்வாள், ஏதோ தீர்த்த யாத்திரை போன மாதிரி. ஒரு நாள் குடை வேண்டும், ஒரு நாள் காப்பி பில்டர், ஒரு நாள் அப்பாவின் சவரப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் அப்பா டவுன் பஸ் ஏறிக் காவேரிப் பாலம் தாண்டிப் போய், கதவைத் திறந்தால் சரிந்துவிடும் என்று, ஜன்னல் வழியாகத் துறட்டுக்கோலை விட்டுத் துழாவி எடுத்து வருவார். குடைக்குப் போய் முறத்தோடு திரும்பிய நாளும் உண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா காதில் விழவில்லை. காசு விஷயத்தில் அவருக்கு வேண்டாதது எதுவும் காதில் விழாது.

ஆடி பாதி போனபோது அப்பாவை நாலு நாள் வேலையாக விழுப்புரம் அனுப்பினார்கள். அவர் போன மறுநாள் காலைத் தபாலில் எனக்குக் கடிதம் வந்தது. திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நேர்முகம். நாளைக் காலை பத்து மணி. மூலச் சான்றிதழ்கள் இல்லாமல் வருபவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

அம்மா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். படித்து முடித்து, ஆணியில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "கெளம்பு" என்றாள்.

கூலிக்கு இரண்டு ஆள் பிடிக்கலாம். ஆனால் அப்பா கொடுத்துவிட்டுப் போனது காய்கறிச் சில்லறை. பஸ்ஸுக்குக் கொடுத்தது போக மிச்சத்தில் ஒரு ஆளின் கால்கூட வராது. தில்லை நகரில் அக்கம்பக்கத்தில் கேட்கலாம் என்றால் பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

அம்மா வாசற்படிக்கு வெளியே நின்றாள். நான் கதவைத் திறந்தேன், நாலு விறகு காலடியில் சரிந்தது. நான் உள்ளே போகலாமா என்று கேட்டேன். "நீ சாமான் எடுக்கப் போற, குடியா போற?" என்றாள். அப்பாவோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த அளவு வக்கீல் புத்தி வராதா? விறகை அள்ளி வெளியே போட்டேன். டிரங்குப் பெட்டிகளை இழுத்தேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உத்தரவு போட்டாள். "கட்டிலை நிமித்தாதடி, சாய்ச்சு இழு. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!" கட்டிலைச் சாய்த்தேன். அது என் இடது காலின் மேல் சாய்ந்தது. கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அப்புறமும் ஆட்டுக்கல் அப்படியே உட்கார்ந்திருந்தது. தள்ளினேன். நொண்டிக்கொண்டு மறுபடி தள்ளினேன். அது அசைந்தால்தானே!

அதன் மேலேயே உட்கார்ந்து அழுதேன். "வேண்டாம்மா. போயிடலாம். இந்த வேலை என் தலையில எழுதல."

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. ரங்கநாதா என்றாளா, போன குழந்தையின் பெயரைச் சொன்னாளா, தெரியாது. பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டாள். எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

"எந்திரிடி. நான் சாய்க்கிறேன், நீ அடியில விறகைக் குடு."

விறகுக்கு அப்போதுதான் ஓர் உபயோகம் வந்தது. ஆட்டுக்கல்லைச் சாய்த்து உருட்டி ஓரம் தள்ளினோம். பீரோவைத் திருப்ப இரண்டு பேர் போதவில்லை. தோளைக் கொடுத்து ஒரு சாண் நகர்த்தினோம். அம்மாவின் கண்ணாடி வளையல் நொறுங்கி மணிக்கட்டைக் கிழித்தது. அவள் கவனிக்கக்கூட இல்லை. பீரோ சாவியைப் போட்டு அதன் கதவை விரிந்த மட்டும் விரித்து, கையை உள்ளே விட்டுத் தடவினேன். பட்டுப் புடவை, குங்குமச் சிமிழ், அப்புறம் அட்டைபோட்ட புத்தகம்.

பஸ்ஸில் அம்மா சொன்னாள்: "அப்பாகிட்ட நான் உள்ள வந்ததைச் சொல்லாதே."

"ஏம்மா?"

"ஆடியில உள்ள வரமுடியும்னா அன்னிக்கே லாரியிலயே வந்திருக்கலாமே, இத்தனை பஸ் சார்ஜ் மிச்சமாயிருக்குமேம்பாரு. அந்த ஒரு வார்த்தையை என்னால கேக்க முடியாது."

மறுநாள் போனேன். தலைமை ஆசிரியை என் சான்றிதழைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "வீட்ல மாடு வச்சிருக்கீங்களா?" என்றார். "லாரி வச்சிருந்தோம்" என்று சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆவணி மூன்றாம் வாரம் வேலைக்கு உத்தரவு வந்தது. முப்பத்தொரு வருஷம் அங்கேதான் இருந்தேன்.

ஆனால் ஆவணி வரவேண்டுமே. மிச்சமிருந்த ஆடி நாட்களில் அம்மா தூங்கவில்லை. காலையில் கண் விழித்தால் என் நெற்றியில் அவள் கை இருக்கும். நான் தும்மினால் அவள் முகம் வெளுத்துவிடும். கால் நகம் லேசாகச் சீழ் வைத்ததற்கு மூன்று தடவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அதற்கு அப்பா ஒரு தடவைகூடக் கணக்குக் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

விழுப்புரத்திலிருந்து திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தில்லை நகர் போனார். சான்றிதழை நான் ஒருத்தியே போய் எடுத்ததாகத்தான் சொல்லிவைத்திருந்தோம். கதவைத் திறந்தார். ஓரம் உருட்டிய ஆட்டுக்கல்லைப் பார்த்தார். ஒரு சாண் நகர்ந்த பீரோவைப் பார்த்தார். குனிந்து தரையிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகளைப் பொறுக்கினார். நான் கண்ணாடி வளையல் போடுவதில்லை. அவர் என் கையைப் பார்த்தார்.

நான் காத்திருந்தேன். அந்த வார்த்தை இதோ வரப்போகிறது, வந்தால் என்ன பதில் சொல்லிச் சண்டை போடலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கால்ல வலி இருக்கா?" என்றார்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, பால் பாத்திரத்தோடு தில்லை நகர் வாசலில் போய் நின்றோம். அப்பா முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அம்மாவிடம் சொன்னார்: "மொத மொதல்ல உள்ள வர்றே. வலது காலை எடுத்து வச்சு வா."

அம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். பன்னிரண்டு ரூபாய்க்கு லாரி பிடித்த கதையை அப்பா சாகிறவரைக்கும் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "அன்னிக்கே வந்திருக்கலாமே" என்று அம்மாவிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.